லியாம் என்பது பழங்கால அயர்லாந்துப் பெயரா?

"லியாம் என்பது கிறிஸ்துவுக்கு முந்தைய அயர்லாந்துப் பெயர், பொருள் 'மாவீரன்', அங்கே முதலிடம் பிடித்த பெயர்" என்று குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. மூன்றுமே பிசகு.

லியாம் என்பது 'உல்லியம்' என்பதன் வால்பகுதி. உல்லியம் என்பது வில்லியமின் ஐரிஷ் வடிவம். மரபான ஐரிஷ் எழுத்துகள் 18தான், அவற்றில் 'டபிள்யூ' கிடையாது. அதனால் வில்லியமின் தொடக்கத்தை உயிரெழுத்துகளால் எழுதினார்கள். பிற்பாடு தலை உதிர்ந்து வால் மட்டும் தனிப்பெயராக நின்றது.

மூலம் பழைய ஜெர்மானியம்: 'வில்' என்றால் மனவுறுதி, 'ஹெல்ம்' என்றால் தலைக்கவசம். ஜெர்மனியின் வில்ஹெல்ம், பிரான்சின் கியோம் எல்லாம் இதே குடும்பம். வீரன் என்ற சொல் இதில் எங்கும் இல்லை. தலைக்கவசத்தைப் பார்த்து யாரோ போர்வீரனைக் கற்பித்துவிட்டார்கள். 1169இல் அயர்லாந்தில் இறங்கிய நார்மன்கள்தான் (பிரான்சின் நார்மண்டி வழிவந்தவர்கள்) வில்லியமை அங்கே பரப்பினார்கள்.

முதலிடம் உண்மைதான், ஆனால் நாடு வேறு. 2017இல் அமெரிக்காவில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் லியாம். அதே ஆண்டு அயர்லாந்தில் முதலிடம் ஜாக்குக்கு.

அசல் ஐரிஷ் வேர்தான் வேண்டுமென்றால் ஓஷீன் இருக்கிறது: 'ஓஸ்' மான், 'ஈன்' சிறுமை விகுதி, சேர்த்தால் மான்குட்டி. Oisín என்ற எழுத்தைப் பார்த்து 'ஓய்சின்' என்று படித்துவிடாதீர்கள்.