நூறு வரைக்கும் சொல்லத் தெரியும், சரி. அப்புறம்?

ஒன்றாம் வகுப்புக் குழந்தை நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னால் வீட்டில் கைதட்டுவார்கள். தட்டட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஆசிரியர்களுக்கு நடக்கிற பயிற்சியிலும் நாம் அந்தக் கைதட்டலைத் தாண்டிப் போவதே இல்லை. அதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர் யாராவது பழக்கமிருந்தால் அவர்களுக்கும் அனுப்பி விடுங்கள்.

என் வகுப்பில் ஒரு பெண். ஏழு புளியங்கொட்டையைத் தரையில் போட்டால் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, ஒன்றைக்கூட விடாமல், அழகாக எண்ணி ஏழில் நிறுத்துவாள். "சரி, மொத்தம் எத்தனைம்மா?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். கொட்டைகளை அவள் கண்ணெதிரிலேயே கொஞ்சம் அகட்டி வைத்துவிட்டுக் கேட்டால், "இப்ப நிறைய ஆயிடுச்சு டீச்சர்" என்பாள். எண்களின் வரிசை அவளுக்குத் தெரியும். கடைசியில் சொன்ன ஏழுதான் அந்தக் கும்பல் முழுவதுக்கும் உரிய எண்ணிக்கை என்பது இன்னும் பிடிபடவில்லை. ரோச்செல் ஜெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். ஒரு பொருளுக்கு ஒரே எண், எண்களின் வரிசை மாறாது, கடைசி எண்தான் மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது என்று ஐந்து விதிகள். இந்தப் பெண் முதல் இரண்டையும் தாண்டிவிட்டாள், மூன்றாவதில் நிற்கிறாள். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆசிரியர், எண்ணி முடித்த கொட்டைகளைக் கிண்ணத்தால் மூடி "உள்ளே எத்தனை இருக்கு?" என்று கேட்பார், கொஞ்ச நாளைக்கு அதையே விளையாட்டாக்குவார். தெரியாதவர் 1 முதல் 50 வரை இன்னொரு தடவை எழுதிவரச் சொல்வார். குழந்தையும் எழுதிக்கொண்டு வந்துவிடும், அதுதான் சிக்கலே.

இன்னொன்று, எல்லா ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியரும் பார்த்திருப்பீர்கள். இருபத்தைந்து எழுதச் சொன்னால் 205. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 25, பத்து தடவை எழுது. அந்தப் பையன் என்ன செய்திருக்கிறான் என்று பாருங்கள். இருபது என்றால் 20, ஐந்து என்றால் 5, காதில் விழுந்தபடியே இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறான். நியாயமாக யோசித்திருக்கிறான், இடமதிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. 20 என்று எழுதிய அட்டையின் பூஜ்ஜியத்தின் மேல் 5 அட்டையை வைத்துக் காட்டி, கூடவே பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி இரண்டு கட்டையும் உதிரியாக ஐந்தையும் கையில் கொடுத்தால் பாதிப் பேர் தாங்களே சிரித்துக்கொண்டு திருத்தி விடுவார்கள்.

பயிற்சியே இல்லை என்று சொல்லவில்லை. சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலேயே வரவேண்டும் என்று தமிழக அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து பருவத்துக்குப் பருவம் பயிற்சி உண்டு, கையேடு உண்டு, பொருள்களும் வருகின்றன. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையைப் பார்த்து ஆரம்பிக்கச் சொன்னது நல்ல யோசனை, அதில் எனக்குச் சண்டை இல்லை. என் குறை வேறு. மாநில அளவில் நாலு பேர் உட்கார்ந்து யோசித்த விஷயம் மாவட்டத்துக்கு வந்து, வட்டாரத்துக்கு வந்து, கடைசியில் எங்களிடம் சேரும்போது செயல்பாடு மட்டும் மிஞ்சுகிறது, அது எதற்கு என்கிற காரணம் வழியிலேயே எங்கோ இறங்கிவிடுகிறது. பாட்டுப் பாடுகிறோம், முகமூடி செய்கிறோம், போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறோம். பயிற்சி நடக்கிற அறையில் ஆறு வயதுக் குழந்தை ஒன்றுகூட இருக்காது. நாங்கள்தான் குழந்தைகள் மாதிரி நடிக்கிறோம், நாற்பத்தைந்து வயது சார் "தெரியாது டீச்சர்" என்று மழலை பேசுகிறார், எல்லோரும் சிரிக்கிறோம்.

ஆனால் ஒரு பயிற்சி நன்றாக நினைவிருக்கிறது. கருத்தாளர் கரும்பலகையில் 48 + 27 என்று எழுதி, "பேனாவைக் கீழ வைங்க, மனசுல போடுங்க" என்றார். எல்லோருக்கும் 75 வந்தது. அப்புறம் ஒவ்வொருவரிடமும் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார். ஒருவர் 27-லிருந்து இரண்டை எடுத்து 48-ஐ 50 ஆக்கிக்கொண்டு மிச்சம் 25-ஐச் சேர்த்திருந்தார். ஒருவர் நாற்பதும் இருபதும் அறுபது, எட்டும் ஏழும் பதினைந்து. இன்னொருவர் 48-ஓடு முப்பதைக் கூட்டிவிட்டு மூன்றைக் கழித்தவர். பதினைந்தில் ஐந்தைப் போட்டு ஒன்றை மேலே ஏற்றியவர்கள் ரொம்பக் கொஞ்சம். பின் வரிசையில் ஒரு சார் எழுந்து, "அப்ப புள்ளைங்கள மட்டும் ஏன் இந்த ஒரு வழியிலயே போடச் சொல்றோம்?" என்றார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டிலும் அதே பேச்சுதான். எனக்குக் கையேட்டைவிட அந்த ஒரு கணக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

இந்தத் திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் எண்ணுக்கு என்ன பஞ்சம்? களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது ஒரு மரக்கால் கொட்டினால் ஒரு எண், அளக்கிற கையும் எண்ணுகிற வாயும் பிசகாது. (முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். தாத்தாவோடு களத்துக்குப் போய்ப் பழகிய பிள்ளை வகுப்பில் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினால் தயவுசெய்து திட்டாதீர்கள்.) சம்பா அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ மூட்டைகளை அட்டி போட்டிருக்கும்போது, சுமை தூக்குகிற அண்ணன்கள் அட்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறக்குறைய இத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவார்கள். அந்த உத்தேசக் கணக்கு நம் வகுப்பில் எங்கே இருக்கிறது? விடை சரியா தப்பா என்பதோடு சரி, "ஏறக்குறைய எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பதே இல்லை. திண்ணையில் தாயம் ஆடுகிற பிள்ளை கட்டையில் புள்ளியை எண்ணிக்கொண்டா இருக்கிறது? பார்த்தவுடனே காயை நகர்த்துகிறது. அதே பிள்ளை நோட்டில் நாலு பந்து படத்தை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும் என்று நாம் அடம்பிடிக்கிறோம்.

எங்கள் மாதிரி ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் இன்னொருவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அப்படிப் போகிற நாள் உருப்படியாக இருக்க வேண்டாமா? அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காணொளி, விளக்கப்படம், சுற்றறிக்கை வாசிப்பு இதெல்லாம் போனுக்கே வரட்டும், வீட்டில் பார்த்துக்கொள்கிறோம். பயிற்சியின் ஒரு முற்பகலுக்கு, அது நடக்கிற பள்ளியின் குழந்தைகளையே கூப்பிடுங்கள். இரண்டு ஆசிரியருக்கு ஒரு குழந்தை போதும். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் வாயைத் திறக்காமல் குழந்தையின் விரலும் உதடும் என்ன செய்கின்றன என்று எழுதட்டும். "எட்டுல மூணை மூடிட்டேன், எத்தனை தெரியுது?", "எப்படிக் கண்டுபிடிச்சே?", இவ்வளவுதான் கேள்வி. பதில் தப்பாக வந்தாலும் அந்த அரை மணி நேரம் யாரும் திருத்தக் கூடாது, நம் ஆட்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். பிறகு குழந்தைகளை அனுப்பிவிட்டு, எழுதியதை வைத்துக்கொண்டு மதியம் முழுக்கப் பேசுவோம். பயிற்சி பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி வளாகத்தில்தான் நடக்கிறது, குழந்தைகள் அடுத்த அறையிலேயே இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதிய உணவு மணிக்குள் அனுப்பி விடலாம்.