ஐஸ் தீயை அணைக்கும், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்

தீப்பிடித்த வைக்கோல் போர் மேல் மீன் வண்டிப் பையன்கள் ஐஸை வாரி இறைத்து, பாதித் தீயை அணைத்த அந்த வீடியோவைப் பற்றி இனி வாயே திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒரு 'நண்பர்' என்னை டேக் செய்து "நம்ம ஊர் ஐஸ் விஞ்ஞானி" என்று போட்டிருக்கிறார். கீழே வரிசையாக ஹாஹா. போட்டவர்களில் பாதிப் பேர் என் கல்யாணத்தில் கை நனைத்தவர்கள். சரி.

மறுபடியும் சொல்கிறேன். ஐஸ் தீயை அணைக்கும். அந்த மீன் வண்டிப் பையன்கள் செய்தது முட்டாள்தனம் இல்லை.

ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கே 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் கொதிநிலைக்குப் போக இன்னொரு 100, ஆவியாக 540. 30 டிகிரியில் இருக்கும் குளத்துத் தண்ணீருக்கு 70ம் 540ம்தான். கூட்டிப் பாருங்கள்.

"அப்படியானால் ஃபயர் சர்வீஸ் வண்டியில் ஏன் ஐஸ் ஏற்றுவதில்லை?" என்று கேட்டு ஒருவர் என்னை மடக்கிவிட்டாராம். ஐஸை ஹோஸில் பீய்ச்ச முடியுமா ஐயா? முழுக் கட்டியைத் தூக்கிப் போட்டால் பட்ட இடம்தான் குளிரும்; பக்கத்தில் தீ அது பாட்டுக்கு எரியும். தண்ணீர் பரவும், இடுக்கில் இறங்கும். ஆனால் பையன்கள் கொட்டியது கட்டி இல்லையே! மீனுக்குப் போடுகிற நொறுக்கின ஐஸ். வீடியோவை முழுசாகப் பார்த்தால் தெரியும்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால்? ஐஸும் போட மாட்டேன், தண்ணீரும் ஊற்ற மாட்டேன். சட்டென்று ஆவியாகி எண்ணெயைத் தீயோடு வாரி இறைத்துவிடும். அடுப்பை நிறுத்தி மூடியைப் போட்டு மூட வேண்டும். அது வேறு கதை. நான் பேசுவது வைக்கோலைப் பற்றி.

வைக்கோல் தீயை எனக்குத் தெரியும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் போர் பற்றியபோது தெருவே குடத்தோடு ஓடி வந்து அணைத்தது. விடியற்காலையில் பெரியம்மா சாணி அள்ளப் போனால், நனைந்து கறுத்த போரின் நடுவிலிருந்து நூல் மாதிரி புகை. உள்ளே கங்கு! கழியால் பிரித்துப் போட்டு, கத்தை கத்தையாக நனைத்து மிதித்த பிறகுதான் அடங்கியது. தண்ணீருக்கே ஒரு தடவையில் அடங்காத தீ அது. ஐஸ் பாதி அணைத்ததற்கு இவ்வளவு சிரிப்பா?

"குளத்தில் மொண்டு ஊற்றியிருக்கலாமே" என்கிறார்கள். எந்தக் குளத்தில்? மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடுகிறார்கள். மார்ச்சில் கடைமடை வாய்க்காலுக்குள் ஆடு மேய்கிறது. குளத்தில் ஆகாயத்தாமரையை விலக்கினால் சேறு. ஜூன் 12-ல் திறந்தாலும் எங்களுக்கு வரும்போதுதான் வரும். டெல்டா என்றால் திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர் என்று சென்னையில் உட்கார்ந்து நினைக்கிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

ஐஸைக் கொட்டினால் மீன் போச்சு என்று அந்தப் பையன்களுக்குத் தெரியாதா? பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த மத்தியை ஒதுக்கிவிட்டு, வெறுங்கையாலேயே வாரி வாரி இறைத்தார்கள். அந்த மீனுக்கு யார் காசு கொடுத்தது? ஹாஹா போட்ட எவராவது கேட்டீர்களா?

கமெண்டை மூடவில்லை, வாருங்கள். மாமா, நீங்களும் ஹாஹா போட்டிருந்தீர்கள். பார்த்தேன்.