மூன்று காலி நாற்காலிகள்

அயர்லாந்தின் யூ2 ராக் இசைக்குழுவின் பாடகர் போனோவைப் பிடிக்காதவர்கள் அவரைத் திட்டினால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. 2014இல் ஐடியூன்ஸ் கணக்கு வைத்திருந்த ஐம்பது கோடிப் பேருக்கு, யாரும் கேட்காமலே ஓர் ஆல்பத்தை அனுப்பி வைத்தது அவருடைய இசைக்குழு. திட்டுவதற்கு அன்றிலிருந்தே ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. ஆனால் 2025 மே மாதம் அவருடைய படம் 'ஸ்டோரீஸ் ஆஃப் சரண்டர்' ஆப்பிள் டிவியில் வந்தபோது யூ2வின் பழைய ரசிகர்களே பலர் முகம் சுளித்தார்கள். அதுதான் எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமாகப் பட்டது.

பார்க்காதவர்களுக்காக: நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் 2023இல் போனோ தன் சுயசரிதையை மேடையில் நடித்துக் காட்டினார். அதைத்தான் ஆண்ட்ரூ டொமினிக் கறுப்பு வெள்ளையில் படமாக்கியிருக்கிறார். பாடகர் நிக் கேவை வைத்து இரண்டு படம் எடுத்தவர் அவர். தனிநபர் நிகழ்ச்சி என்றாலும் செல்லோ, ஹார்ப், கீபோர்டு என்று மூன்று பக்கவாத்தியக்காரர்கள் உண்டு. கதை, பாட்டு, திரும்பக் கதை, நடுநடுவே எல்லாப் பாத்திரமும் அவரே. நம் கதாகாலட்சேபத்துக்குச் சட்டையும் கோட்டும் மாட்டிவிட்ட மாதிரி.

ரசிகர்களின் குறை என்ன? பேச்சு அதிகம், பாட்டு குறைவு. பாட்டுகளையும் வாத்தியங்களைக் குறைத்து, பாதி உருவத்தில்தான் பாடுகிறார். புத்தகத்தில் படித்ததைத்தானே திரும்பச் சொல்கிறார். மூன்றுமே உண்மைதான். 'சண்டே பிளடி சண்டே' யூ2வின் டிரம்மர் லாரி முல்லனின் டிரம்மோடு தொடங்க வேண்டிய பாட்டு. 1983இலிருந்து அந்த டிரம்மைக் கேட்டவர்களுக்குச் செல்லோவோடு அதைக் கொடுத்தால் எப்படி இறங்கும்? எனக்கும் இறங்கவில்லை.

ஆனால் இந்தக் கோபத்தில் பாதி இந்தப் படத்தின் மேல் இல்லை என்பது என் கணிப்பு. வரிசையைப் பாருங்கள். 2022 நவம்பரில் புத்தகம். 2023 மார்ச்சில் பழைய பாட்டுகளில் நாற்பதை மெதுவாக்கித் திரும்பப் பதிவு செய்த ஆல்பம். அடுத்த மாதம் மேடை நிகழ்ச்சி. அதே செப்டம்பரில் லாஸ் வேகஸ் ஸ்பியர் அரங்கில் கச்சேரிகள், அதில் டிரம்ஸில் லாரி இல்லை, உடல்நிலை காரணமாக வேறொருவர். அப்புறம் இந்தப் படம். படம் வந்தபோது, முழுக்கப் புதுப் பாட்டுகளோடு யூ2வின் ஆல்பம் கடைசியாக வந்திருந்தது 2017இல். ரசிகன் எட்டு வருடம் புதுப் பாட்டுக்குக் காத்திருந்தான், வந்ததோ போனோவின் வாழ்க்கை வரலாற்றின் அடுத்த பதிப்பு. கடுப்பாகத்தான் செய்யும். அந்தக் கடுப்பைப் படத்தின் மேல் இறக்கியதுதான் நியாயமில்லை.

ஏனென்றால் அந்த ஏக்கத்தைப் படமே மேடையில் வைத்திருக்கிறது. குழுவின் மற்ற மூவரான எட்ஜ், ஆடம், லாரிக்கு மேடையில் இருப்பது வெறும் நாற்காலிகள். இசைக்குழு உருவான கதையைச் சொல்லும்போது அந்த நாற்காலிகளைப் பார்த்துத்தான் பேசுகிறார். 'குழு எங்கே?' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியாக எப்படிச் சொல்வது? 1976இல் டப்ளினில் லாரி வீட்டுச் சமையலறையில் கூடிய பையன்கள், அரை நூற்றாண்டு ஒன்றாகவே இருந்தவர்கள். மற்றவர்கள் இல்லாமல் தான் எவ்வளவு என்று காட்டுவதற்கு அந்த மனிதருக்குத் துணிச்சல் இருக்கிறது. குரல் தனியாக நிற்கும்போது வயது தெரிகிறது, மூச்சு வாங்குவது தெரிகிறது. டொமினிக்கின் கேமரா அதை மறைக்கவும் இல்லை.

படத்தின் உயிர் அப்பா. பாப் ஹ்யூசன், தபால் துறை ஊழியர், நல்ல டெனர் குரல் (ஆண்குரலில் உச்ச ஸ்தாயி), ஓபரா பைத்தியம். போனோவுக்கு 14 வயதானபோது, அம்மாவழித் தாத்தாவின் அடக்கத்தன்று மயங்கி விழுந்த அம்மா ஐரிஸ் சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அம்மாவைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த மௌனத்தை நிரப்பத்தான் பையன் கத்திப் பாட ஆரம்பித்தான் என்பதுதான் மொத்தக் கதையும். இதைச் சொல்ல ஆடைமாற்றம், ஒட்டுமீசை எதுவும் இல்லை. பப் மேசை, இரண்டு நாற்காலி. தலையைத் திருப்பினால் அப்பா. ஒவ்வொரு முறையும் அப்பா கேட்பது ஒரே கேள்வி: விசித்திரமா ஏதாவது உண்டா? புகழ்பெற்ற இத்தாலிய ஓபரா டெனர் பவரொட்டி தன்னைப் பாட்டு எழுதச் சொல்லி விரட்டுகிறார் என்று மகன் பெருமையாகச் சொல்ல, உன்னிடம் எதற்கு என்று அப்பா ஆச்சரியப்படுகிறார். தன்னை டெனர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாரிடோன் (அதற்குக் கீழ் ஸ்தாயிக் குரல்) என்பதுதான் மகனைப் பற்றி அவருடைய மதிப்பீடு. பிரிட்டிஷ் அரச குடும்பம் என்றாலே ஆகாத அந்த ஐரிஷ்காரர், இத்தாலியின் மோடனாவில் இளவரசி டயானா கை கொடுத்ததும் உருகிப்போகும் இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எண்ணூறு வருடப் பகை சில நொடியில் முடிந்தது!

ரசிகர்கள் குறை சொல்லியிருக்க வேண்டிய இடம் வேறு. ஆப்பிரிக்கா, எய்ட்ஸ், கடன் தள்ளுபடி என்று தொண்டுப் பகுதி வந்ததும் மனிதர் தன்னையே கிண்டல் செய்ய ஆரம்பிக்கிறார். பணக்காரப் பாடகன் உலகத்தைத் திருத்தப் போகிறானாம், பாருங்கள், என்கிற தொனி. நாம் கேட்க வேண்டியதை அவரே முந்திக்கொண்டு கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார். தற்கிண்டலும் ஒரு வகைத் தற்பெருமைதான். அமெரிக்க ராக் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீன் நியூயார்க்கின் பிராட்வேயில் 236 காட்சி நடத்தி நெட்ஃபிளிக்ஸில் விட்ட நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் பாட்டுகளாக எழுதிக் குவித்த தான் ஒரு தொழிற்சாலைக்குள்ளும் வேலை பார்த்ததில்லை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். அங்கே அது அடி. இங்கே அது கேடயம்.

நம்மில் பலருக்கு யூ2 அறிமுகமானது 2019இல் ரஹ்மானோடு செய்த 'அஹிம்சா' வழியாக. 'அறவினை யாதெனின் கொல்லாமை' என்ற குறள் வரும் பாட்டு. அந்த டிசம்பரில் மும்பைக்கு வந்து பாடவும் செய்தார்கள். அதோடு நின்றவர்கள் இந்தப் படத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். முதலில் 'தி ஜோஷுவா ட்ரீ' (1987), 'ஆக்டங் பேபி' (1991) ஆல்பங்களைக் கேளுங்கள். எது இல்லை என்று தெரிந்தால்தான் அந்த நாற்காலிகள் உறுத்தும்.

பாட்டுக்காகப் பார்ப்பவர்கள் கடைசிக் காட்சிக்காகவாவது பொறுத்திருக்கலாம். நேப்பிள்ஸின் சான் கார்லோ ஓபரா அரங்கில், அப்பாவுக்குப் பிடித்த மாதிரி ஒரு பழைய நேப்பிள்ஸ் வட்டாரப் பாட்டு. மகன் டெனராக முயற்சி செய்கிறார். பவரொட்டி இல்லை, அருகில்கூட இல்லை, ஆனாலும் எனக்குப் போதும்.

மேடை நிகழ்ச்சி இதைவிட நீளம். வெட்டியதில் அப்பா காட்சிகள் ஏதாவது மிச்சமிருந்தால் ஆப்பிள் அதையும் வெளியிடட்டும். தொண்டுப் பகுதியில் வெட்டியதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.