கட்டணம் குறைந்தால் மட்டும் போதாது

மொழியியல் மாணவர்களுக்கு இலங்கை மலையகத்து ஹட்டனில் குறைந்த செலவில் கோடைப் பள்ளி நடத்தலாம் என்ற கட்டுரையாளரின் யோசனை அருமை. ஆனால் ஆகஸ்ட் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. தகரக் கூரையில் மழை கொட்டினால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறையில் மாணவர்கள் எடுத்த பேச்சுப் பதிவு ஒன்றுக்கும் உதவாது. பெப்ரவரி, மார்ச்தான் தோது.

பதிவுக்கு ஃபோனே போதும். வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் எடுத்தால் மணிக்குச் சுமார் 320 எம்.பி. பிடிக்கும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக வாங்காதீர்கள். சுருக்கும்போது உயர் அதிர்வெண்கள் போய்விடும், பிறகு ச, ஷ ஒலிகளை பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் நம்பி அளக்க முடியாது. பிராட், பதிவைக் கேட்டு எழுத்தாக்க உதவும் ஈலான் மென்பொருள் இரண்டும் இலவசம். முதல் நாளே பென்டிரைவில் கொடுத்தால் டேட்டா காசு மிச்சம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது ஈலானில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும், ஆகவே யூனிகோட் கட்டாயம்.

காது கேளாத மாணவர் வந்தால் சைகைமொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறாவிட்டால் களைப்பில் பிழை வரும்.

தோட்டத்துப் பிள்ளைகளைத் தடுப்பது கட்டணத்தைவிட பஸ் காசும் தங்குமிடமும்தான். பிறகு திருப்பித் தருவோம் என்றால் வரமாட்டார்கள். புறப்படும் முன்பே கையில் கொடுங்கள். பேச்சுப் பதிவுக்கு உட்காரும் கொழுந்து பறிக்கும் அம்மாமாருக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அவர்கள் நேரத்துக்கும் பணம் கொடுங்கள்.