நான் எழுதியதை நான் பகிர ஒரு சட்டப் பிரிவு

போன வாரம் மல்லிப்பட்டினத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். மீனவர் வீட்டுப் பிள்ளை. "மேடம், நீங்க கடற்புல் பத்தி எழுதின பேப்பரைத் தேடினேன், காசு கேக்குது" என்றான். 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்புல் மேயும் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்ததே, அதையொட்டி ஊரில் ஒரு கூட்டமாம். புல் எங்கே அடர்த்தி, எங்கே அழிந்திருக்கிறது என்பதை ஆதாரத்தோடு பேச வேண்டும் என்கிறான். அவனுக்கு உடனே அனுப்பிவிட்டேன். "இதை எல்லாருக்கும் அனுப்ப ஒரு லிங்க் கொடுங்க மேடம்" என்றபோதுதான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது மத்திய அரசு. படகு அவன் மாமாவுடையது. கட்டுரையை மதிப்பிட்ட பேராசிரியர்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை. பேப்பர் ஏற்கப்பட்டதும் வந்த படிவத்தில் பதிப்புரிமையை முழுவதுமாக எழுதிக்கொடுத்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் அச்சாகாது, அச்சாகாவிட்டால் பதவி உயர்வு இல்லை. என் சொந்தப் பிரதியைக் கல்லூரி ஆவணகத்தில், அதாவது யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும் சேமிப்பில், போடக்கூட 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் படிவம்.

ஜெர்மனியில் இதே நிலையில் இருக்கும் ஒருவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் சேர்த்த ஒரு விதி 2014 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆய்வுச் செலவில் குறைந்தது பாதி பொதுப்பணமாக இருக்க வேண்டும், இதழ் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வர வேண்டும். அப்படியானால், வெளியாகி 12 மாதம் கழித்து, ஏற்கப்பட்ட பிரதியை (இதழ் அச்சுக்கு வடிவமைக்கும் முன் ஆசிரியரிடம் இருக்கும் கடைசிப் பிரதி) ஆசிரியர் இலாப நோக்கின்றி யாரும் படிக்கும்படி வைக்கலாம். முதலில் எந்த இதழில் வந்தது என்று குறிப்பிட்டால் போதும். எல்லா உரிமையையும் பதிப்பகத்துக்கே எழுதிக்கொடுத்திருந்தாலும் இந்த உரிமை போகாது. இதற்கு மாறாக ஆசிரியருக்குப் பாதகமாக எழுதப்படும் ஒப்பந்தம் செல்லாது. எனக்கு முக்கியம் இந்தக் கடைசி வரிதான். பேரம் பேச வலுவில்லாதவர் போட்ட கையெழுத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவது அதுதான். நெதர்லாந்து 2015-இலும் பிரான்சு 2016-இலும் இதேபோல் சட்டம் செய்தன. பிரான்சில் அறிவியலுக்கு ஆறு மாதம், மொழி, வரலாறு, சமூக அறிவியல் போன்ற துறைகளுக்குப் பன்னிரண்டு.

நம்மிடம் இருப்பது கொள்கை. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே, தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுக் கட்டுரைகளை ஆவணகத்தில் இட வேண்டும் என்றன. நல்ல கொள்கை. ஆனால் அது ஆய்வாளரிடம்தான் பேசுகிறது, பதிப்பகத்தைக் கட்டுப்படுத்தவில்லை. ஒரு பக்கம் 'போடு' என்கிறது அரசு, இன்னொரு பக்கம் 'போடாதே' என்கிறது நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம். நடுவில் எங்கள் நூலகர் பயந்துபோய்க் கோப்பை மூடியே வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்கிறது. பதிப்பகங்கள் காலத்தைக் குறிப்பிடத் தவறுவதில்லை, அதனால் நமக்குப் பயனில்லை. ஆனால் 2012 திருத்தத்தை நினைத்துப் பாருங்கள். சினிமாவுக்கு எழுதும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் தங்கள் சமபங்கை எழுதிக்கொடுக்கவே முடியாது, கொடுத்தாலும் செல்லாது என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். பலவீனமான தரப்பின் கையெழுத்தைச் சட்டம் மீறி நிற்கலாம் என்பதை நம் நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. நாங்கள் பணம்கூடக் கேட்கவில்லை. எழுதியதை மற்றவருக்குக் கொடுக்கும் உரிமையைத்தான் கேட்கிறோம். ஜெர்மனியைப் போல ஒரு பிரிவை நம் சட்டத்திலும் திருத்திச் சேர்க்க வேண்டும்.

மத்திய அரசே ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்துவிட்டதே என்பார்கள். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். என் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. படிப்பை முடித்துக் கடலுக்குப் போகிறவனுக்கு அதில் இடமில்லை. சந்தாவை நிறுத்தினால் இருப்பதும் போய்விடும், ஆவணகத்தில் போட்டது போகாது.

சிறு சங்கங்கள் நடத்தும் இதழ்கள் நலிந்துவிடும் என்ற கவலை நியாயமானது. அதற்காகத்தான் 12 மாத இடைவெளி. ஜெர்மனியில் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது, அங்கே இதழ்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் திருத்தத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தை எழுதியிருந்தாலும் இந்த உரிமை செல்லும் என்று. எங்கள் படிவங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சட்டத்தின் பேரில்தான் வருகின்றன.

ஆய்வு செய்யும் தம்பி தங்கைகளே, பேப்பர் ஏற்கப்பட்ட அன்று உங்களிடம் இருக்கும் கடைசி வேர்டு கோப்பை அழித்துவிடாதீர்கள். பெயரும் தேதியும் போட்டுத் தனியாக வையுங்கள். சட்டம் வந்தாலும் நாம் போடக்கூடியது அந்தப் பிரதியைத்தான். என்னுடையது பத்திரமாக இருக்கிறது. அந்த 24 மாதம் முடிய இன்னும் ஏழு மாதம். மல்லிப்பட்டினம் கூட்டம் அடுத்த மாதம்.