மெழுகுவர்த்தி இருக்கட்டும், மதியம் சாப்பிட நேரம் கொடுங்கள்

தாதியர் நலனுக்கான வாரம் என்று எங்கள் மருத்துவமனையில் மெழுகுவர்த்தி போட்டுக் கொடுத்த பையின் படத்தைக் குறைசொல்லிப் போட்டதிலிருந்து இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது. ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு அண்ணன் எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. “கொடுத்தாலும் குறை, கொடுக்காவிட்டாலும் குறை. முதலில் உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளப் பழகுங்கள் தங்கச்சி.”

அண்ணே, மெழுகுவர்த்தி மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த வாரத்தில் மன அமைதி பற்றிப் பேச வந்த அம்மையாரும் நல்லவர். மூச்சுப் பயிற்சி நானும் செய்கிறேன், லீவு நாளில் பீஷான் பூங்காவில் நடக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சை எப்போது வைத்தார்கள்? மதியச் சாப்பாட்டு நேரத்தில். கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் கிடையாது. பாதிப் பேர் வரவே முடியவில்லை. வந்தவர்கள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுவிட்டு, சாப்பிடாமலே மதிய நோயாளிகளைப் பார்க்க ஓடினோம். இதைத்தான் எங்கள் நலனுக்கான வாரம் என்றார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கள் ஓய்வுக்கு டூட்டி ரோஸ்டரில், அதாவது வேலை நேர அட்டவணையில், இடம் வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் சோர்ந்து ஓய்ந்துபோவதை, ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் இருந்து, சரியாகக் கையாளப்படாத மன அழுத்தத்தால் வருவது என்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலை மீது கசப்பு வருவது, எதையுமே உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது, இவை மூன்றும்தான் அடையாளம். வேலையிடத்தில் வந்ததை நான் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி எப்படிச் சரிசெய்வது?

நான் ஒரு ஏபிஎன் (Advanced Practice Nurse), மேற்பயிற்சி பெற்ற தாதி. ஏபிஎன் என்றால் என்ன என்று இன்னும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003இல் இதற்கான முதுநிலைப் படிப்பு தொடங்கியது. நோயாளியைப் பரிசோதிக்கிறோம், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறோம். 2018இல் தொடங்கிய தனிப் பயிற்சியை முடித்தவர்கள், டாக்டர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்தும் எழுதலாம். பொறுப்பு கூடியது, சரி. பழைய வேலை குறைந்ததா? டாக்டர் பற்றாக்குறை என்றாலும் என்னைத்தான் தேடுகிறார்கள், தாதி பற்றாக்குறை என்றாலும் என்னைத்தான் தேடுகிறார்கள்.

போதாததற்கு எனக்குத் தமிழ் தெரியும். எந்த வார்டில் எந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் எனக்கு போன் வரும். ஒருமுறை ஒரு பெரியவருக்கு இனி எந்தச் சிகிச்சையும் பலன் தராது என்று டாக்டர் சொன்னதை அவர் மகளிடம் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மகள் டாக்டரைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படிச் சொல்லாதீங்க மிஸ்ஸி” என்றார். இங்கே தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அந்தச் செய்தி என் வாயிலிருந்துதானே வந்தது! எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது என் கிளினிக் வாசலில் நின்ற ஒருவர் ஏன் இவ்வளவு தாமதம் என்று சத்தம் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், காலையிலிருந்து காத்திருந்தவர். ஆனால் அந்த மகளோடு நின்ற நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

“ஏஞ்சல் திட்டத்தில் பணம் தருகிறார்களே” என்பீர்கள். தாதியர் வேலையில் நீடிக்க அரசாங்கம் பணம் தரும் இந்தத் திட்டத்தை 2024இல் அறிவித்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். தகுதியுள்ள பொதுத்துறைத் தாதிக்கு 20 ஆண்டுகளில் 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கிடைக்கும். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். அந்தப் பணத்தைக் கொடுத்து இன்று மதியம் என் இடத்தில் உட்கார ஒருவரை என்னால் கூட்டிவர முடியுமா? “டாக்டர்களுக்கும் இதே கஷ்டம்தான்.” ஆமாம், அவர்களுக்கும் சாப்பிட நேரம் கொடுங்கள். “பிடிக்காவிட்டால் வேலையை விடு.” இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை.

என்னை அதிகம் காயப்படுத்துவது, “இது சேவை, இதில் சொந்தச் சுகம் பார்க்கலாமா?” என்பது. 1885 ஆகஸ்ட் 1 அன்று சிங்கப்பூரின் சிப்பாய் லைன்ஸ் பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் தாதிமைப் பணியைத் தொடங்கினார்கள். அதை நினைத்துத்தான் இங்கே தாதியர் தினம் கொண்டாடுகிறோம். அவர்கள் மீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. அதற்காக அவர்கள் பெயரைச் சொல்லி என் சாப்பாட்டு நேரத்தைப் பிடுங்கலாமா? அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் நெறிமுறையில் ஐந்தாவது விதியே, தாதிக்குத் தன் மீதும் கடமை உண்டு என்பதுதான். எங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் தொழில் தர்மம்தான்.

நிர்வாகத்தை மட்டும் சொல்லி என்ன பயன், நம் வீடுகள் மட்டும் என்னவாம்? பெருமாள் கோயில் மண்டபத்தில் கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தால் பக்கத்திலிருந்து மருந்துச் சீட்டு நீள்கிறது. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வருகிறது, நான் பதில் போடுகிறேன். அண்ணே, உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டுக்கும் போட்டேன். அன்று உங்களுக்கு என்னைக் கவனித்துக்கொள்ளச் சொல்லத் தோன்றவில்லையே! இதே சொந்தக்காரர்கள்தான் என் அம்மாவிடம், “இன்னும் மிஸ்ஸியாத்தான் இருக்காளா, டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே” என்று கேட்கிறார்கள். அம்மா பேச்சை மாற்றிவிடுவார். அவர் முகம் சுருங்குவதை நான்தான் பார்க்கிறேன்.

நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று அனுப்பிய படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். மதியம் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஏபிஎன் வேண்டும், தமிழில் விளக்கப் போகும் நேரத்தையும் வேலை நேரமாக எழுத வேண்டும், இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்கள் இதைப் படித்தால் நீங்களும் அதையே எழுதுங்கள். படிவம் வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கும்.