ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு படகு

இசாக்கியாஸ் கெய்ரோஸ் என்ற பெயரை நம்மூரில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிரேசிலின் பையா மாநிலத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் உபைதாபா என்ற சின்ன ஊர்க்காரர். குழந்தையாக இருந்தபோது கொதிக்கிற தண்ணீர் மேலே கொட்டிப் பிழைத்தவர். பத்து வயதில் மரத்திலிருந்து விழுந்து ஒரு சிறுநீரகம் போய்விட்டது. அப்படிப்பட்ட பிள்ளையை நாமாக இருந்தால் வாசற்படி தாண்ட விட்டிருப்போமா? அந்த ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்கு நடந்த படகுப் பயிற்சியில் அவர் சேர்ந்தார். இன்று கையில் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்கள்.

அவர் ஓட்டுவது கனூ என்ற பந்தயப் படகு. ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலை முன்னே வைத்து, ஒரே பக்கம்தான் துடுப்புப் போட வேண்டும். அப்படிப் போட்டால் படகு மறுபக்கம் திரும்பத்தானே செய்யும்? சுக்கானும் கிடையாது. ஒவ்வொரு முறை துடுப்பு வலித்து முடிக்கும்போதும் மணிக்கட்டை லேசாகத் திருப்பி, அந்தத் துடுப்பாலேயே படகை நேராக்க வேண்டும். உடம்பு கொஞ்சம் சாய்ந்தாலும் கவிழ்ந்துவிடும். 2014 உலகப் போட்டியில், 1000 மீட்டரில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் தண்ணீரில் விழுந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

2016 ரியோவில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பதக்கம் வாங்கிய முதல் பிரேசில்காரர் அவர்தான். ஆனாலும் தங்கம் வரவில்லை. 2018-இல் அவரை ஆளாக்கிய ஸ்பெயின் பயிற்சியாளர் ஹெசூஸ் மோர்லான் மூளைக் கட்டியால் இறந்துபோனார். 2021-இல் டோக்கியோவில் தங்கம் வென்று, அதை அவருக்கே சமர்ப்பித்தார். 2024 பாரிஸில் மறுபடியும் வெள்ளி. திறமையை விட்டுத்தள்ளுங்கள், இந்தப் பொறுமைக்கே நான் தலை வணங்குவேன்.

பாபநாசம் தொடங்கி நெல்லை குறுக்குத்துறை வரை தாமிரபரணி ஆற்றில் குதித்து வளர்கிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். உவரி, இடிந்தகரைப் பக்கம் கட்டுமரத்தில் முழங்காலிட்டுத் துடுப்புப் போட்டவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். (டோக்கியோவிலிருந்து கனூவில் பெண்களுக்கும் ஒலிம்பிக் போட்டி உண்டு.) இவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? ‘ஆத்துப் பக்கம் போகாதே’ என்ற அதட்டல் மட்டும்தான். வருஷா வருஷம் பிள்ளைகளை ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோவதால் வருகிற பயம் அது. நியாயமான பயம்தான். ஆனால் முறையாக நீச்சல் சொல்லிக்கொடுத்து, உயிர்காப்பு உடை மாட்டி, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தால் அந்த ஆபத்தே பெருமளவு குறையுமே.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் இருவர் கனூ 1000 மீட்டரில் வெண்கலம் வாங்கினார்கள். சுனில், மணிப்பூரின் லோக்டாக் ஏரிப் பக்கத்துப் பையன். ஏரிக்கரையிலிருந்து அங்கே ஒருவர் வர முடிந்திருக்கிறது.

பந்தயப் பயிற்சிக்கு ஆறு சரிப்படாது. பாறை, படித்துறை, டவுன் பக்கம் வந்தால் சாக்கடையும் அமலைச் செடியும். அசையாத தண்ணீர், நேராக ஒரு கிலோமீட்டர் வேண்டும். மணிமுத்தாறு அணை 118 அடியைத் தொட்டதா என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோமே, அந்தத் தண்ணீரில் ஓரமாக ஒரு பகுதி கிடைத்தால் போதும். அனுமதி வாங்குவது லேசான காரியமில்லை என்று தெரியும். இல்லையென்றால் பெரிய குளம் ஒன்று. கோடையில் வற்றும், சரி, ஐப்பசி மழையிலிருந்து மாசி வரை ஓட்டலாமே.

ஸ்டேடியம் கேட்கவில்லை. சில படகுகள், பாதியில் விட்டுப் போகாத ஒரு பயிற்சியாளர், இவ்வளவுதான். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள், முக்கியமாகக் கடற்கரை ஊர்த் தம்பி தங்கைகள், கமெண்டில் சொல்லுங்கள்.